நம் வீட்டு நரை

மகனே சரவணா,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினேன். எழுதியதை அடித்தேன். மூன்று தாள் இப்படியே குப்பைக்குப் போயிற்று. தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வரைக்கும் வாய்ச்சவடாலில் என்னை மிஞ்ச ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஒரு வருஷம் சாரல் தள்ளிப்போனபோது, "கொழுந்தனாரை அருவிக்கு மேல கொண்டுபோய் நிறுத்துங்க, அவர் பேச ஆரம்பிச்சா தன்னால கொட்டும்" என்று உன் அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பேர்ப்பட்ட வாய்க்குச் சொந்தக்காரன், ஆணியும் திருகும் சூழ்ந்த என் சாம்ராஜ்யத்தில், கல்லாவுக்குப் பின்னால் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு வரிக்கு முழி பிதுங்கிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே ஏதாவது கோமாளித்தனம் பண்ணி உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன். நீ சிரித்ததும் நான் தப்பித்துவிடுவேன். இந்தத் தடவை தப்பிக்கக் கூடாது. ஆவணியில் உனக்கும் என் தங்கை மகள் பொன்னிக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நான் பத்தொன்பது வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் அப்பாவிடமிருந்து, அதாவது என் அண்ணனிடமிருந்து, தொடங்க வேண்டும். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் உன் டீச்சர் மைக்கில், "சரவணனோட தாத்தா முன்வரிசைக்கு வரலாம்" என்று கூப்பிட்டார். அண்ணன் எழுந்து போய் உட்கார்ந்தார். நீ மேடையில் வசனத்தை மறந்துவிட்டு நின்றாய். வீட்டுக்கு வந்து நான் அதை ஊருக்கே நடித்துக் காட்டிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பதின்மூன்று வயதில் இருந்த உயரத்தோடு அவர் நின்றுவிட்டார். இருபதில் நரை வந்தது, இருபத்தைந்தில் தலை முழுக்க வெள்ளை. அதை நாங்கள் ஒரு பட்டம் மாதிரி சுமந்தோம். "எங்க வம்சத்துல பிள்ளை பிறந்து விழும்போதே ரெண்டு நரை இருக்கும், அதை வச்சுத்தான் ஆஸ்பத்திரியில மாறிப்போகாம கண்டுபிடிப்போம்" என்று நான் அளந்துவிடுவேன். குரல் மெலிந்து கீச்சென்று ஆனது, தகரத்தில் ஆணி கீறுவது போல. முப்பது தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை. பிறகு சர்க்கரை. கால் இரண்டும் குச்சியாகி, கணுக்காலில் ஒரு புண்.

முறைப்பெண்கள் யாரும் அவரைக் கட்டச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் கடையத்தில், சொந்தமே இல்லாத ஒரு வீட்டில், உன் அம்மாவைப் பார்த்தோம். அன்று காலையில் அண்ணன் தலைக்கு மை அடித்தது இந்தக் கைதான். புருவத்துக்குக்கூட விடவில்லை. "மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதிகம் பேச வேண்டாம்" என்று சொல்லி அவரை வாயைத் திறக்காமல் உட்காரவைத்து, அவருக்கும் சேர்த்து நானே பேசினேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் உன் அம்மா காபி டம்ளரை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். "முடிக்கு மை அடிச்சிய, சரி. குரலுக்கு என்னத்த அடிக்கதா இருந்திய கொழுந்தனாரே?" என்று கேட்டாள். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஆனாலும் அவள் இருந்தாள். அந்த மனுஷனைக் கடைசிவரை வைத்துப் பார்த்தாள். அவள் வெளியிலிருந்து வந்தவள் என்பதுதான் உன்னைக் காப்பாற்றியது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பொன்னிக்குக் காது குத்தியது குற்றாலத்தில், நல்ல சீசனில். உனக்கு நாலு வயது. அருவியில் குளித்தால் அண்ணன் கால்புண் ஆறிவிடும் என்று நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். மலை மேலே உள்ள அத்தனை மூலிகையையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், கருங்கல்லுக்கே முடி முளைக்க வைக்கும் என்று பிரசங்கம் வேறு. கூட்டம் நெரித்தது. "பெரியவருக்கு வழிவிடுங்கப்பா" என்று யாரோ கத்த, கூட்டம் விலகியது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் அண்ணன் கையைப் பிடித்து, "பாத்து வாங்க ஐயா, வழுக்கும்" என்றார். நாற்பத்தொரு வயதுக்காரர் அந்தக் கிழவரின் கையைப் பிடித்து நடந்தார். நான் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் புண் அதற்குப் பிறகு ஆறவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம்தான் நான் இன்னொரு காரியமும் பண்ணினேன். தாய்மாமன் என்ற முறையில் பொன்னியை என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகையை நிறுத்த உன்னைத் தூக்கிப் பக்கத்தில் நிறுத்தி, "சபையோர்களே! பாண்டிய நாட்டின் தென்கோடியிலே, இந்த அருவி சாட்சியாக, இந்தக் குட்டி மகாராணிக்கு மாப்பிள்ளை இவன்தான் என்று இன்று பிரகடனம் செய்கிறேன்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்மவர்கள் விளையாட்டுக்குச் சொன்னதை விளையாட்டாக விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த தீபாவளிக்கே உனக்கு மேலகரத்து அத்தை வீட்டிலிருந்து மாப்பிள்ளைச் சட்டை வந்தது. நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்து, நிஜமாகவே ஒருத்தரை ஒருத்தர் விரும்பவும் செய்தீர்கள். விதையைப் போட்டது என் வாய்.

நீ பத்து வயதாக இருந்தபோது, கால்புண்ணுக்காக அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் புண்ணைப் பார்க்கவில்லை, மனுஷனைப் பார்த்தார். கண்ணை, குரலை, உயரத்தை, தோலை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். "அத்தை மகன், மாமன் மகள். அண்ணன் ஒருத்தரைத் தவிர எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா வெளிய வாசலே கிடையாது டாக்டர், எல்லாம் உள்ளுக்குள்ளயே ஜன்னல்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செல்லுக்குள்ளே டிஎன்ஏவைப் பிரிக்கிற ஒரு நொதி அண்ணனுக்கு வேலை செய்யவில்லை என்றார். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டு பக்கமும் பிழை வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற வீடுகளில் அந்த இரண்டு பிழையும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வீட்டில் இன்னும் யார் யார் என்று விசாரித்துவிட்டு, "உங்க தங்கச்சி குடும்பத்தையும் பாக்கணும். முக்கியமா அந்தப் பெண் குழந்தையை" என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு வியாதிப் பெயர், அதற்குக் கீழே ஹெலிகேஸ் என்று ஒரு வார்த்தை. அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். உன் அத்தையிடம் சொல்லவில்லை. அவளும் சொந்த மாமன் மகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "குடும்ப வியாதி" என்று ஒரு பேச்சு கிளம்பினால் பொன்னிக்கு எதிர்காலத்தில் வரனே அமையாது என்று பயந்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், என் தங்கை அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சில மாதத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நாற்பத்தேழு.

இப்போது இரண்டு வாரத்துக்கு முந்தைய கதை. நல்ல மத்தியானம், வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. பொன்னி குடையை மடக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "சின்ன மாமா, செவப்புல ரெண்டு மீட்டர், நீலத்துல ரெண்டு மீட்டர் நைலான் கயிறு வேணும்."

"எதுக்குட்டி? எம்மவனைக் கட்டி இழுத்துட்டு வரவா? அவனுக்குத் தேர்வடம் வேணும்."

"உங்க மகனுக்குத் தையல் நூலு போதும் மாமா. இது என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. டிஎன்ஏ காட்டணும்."

கயிற்றை அறுத்து, முனை பிரியாமலிருக்க லைட்டரால் உருக்கிக் கொடுத்தேன். அவள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி மேசை மேல் வைத்தாள். இதுதான் டிஎன்ஏ, எழுத்தெல்லாம் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்தபடி பூட்டிக்கிடக்கும், பிரித்தால்தான் படிக்க முடியும், பிரித்தால்தான் நகல் எடுக்க முடியும் என்றாள். "ஒரு முனையப் பிடிச்சு ரெண்டா இழுங்க" என்றாள். இழுத்தேன். பிரிந்த இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறி, கயிறு சுருண்டு திருகிக்கொண்டது. "அங்கன பாருங்க, அந்தச் சிக்கலைத் தளர்த்த வேற ஒரு நொதி இருக்கு. நீங்க இப்ப செஞ்ச வேலையச் செய்யதுக்கு ஒண்ணு இருக்கு. மோதிரம் மாதிரி ஒரு இழையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு ஓடும். ஒவ்வொரு அடிக்கும் எரிபொருள் எரிக்கும். எழுத்து எழுத்தாப் பூட்டைத் திறந்துக்கிட்டே போகும். ஒரு செல்லுல இருக்க டிஎன்ஏவை நீட்டுனா ரெண்டு மீட்டர் வரும் மாமா, இந்தக் கயிறு நீளம். அம்புட்டையும் திறந்தாத்தான் ஒரு செல்லு ரெண்டாகும்."

"அந்த ஹெலிகேஸ் கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். "நான் இன்னும் பேரே சொல்லலையே. ஆணிக்கடைக்காரவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"டிவியில சொன்னான்" என்றேன். உலகத்திலேயே மட்டமான பொய். அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். அது ஒரு ஆள் இல்லையாம், ஒரு கூட்டமாம். நகல் எடுக்கத் திறக்கிறவன் ஒருத்தன், முடிச்சு விழுந்த இடத்தை, அறுந்த இடத்தைச் சரி பண்ணத் திறக்கிறவன் இன்னொருத்தன். வைரஸ்களிலும் பலதுக்குச் சொந்தமாக இப்படி ஒன்று உண்டாம். அதை மருந்து போட்டு நிறுத்தினால் அந்த வைரஸ் பெருக முடியாமல் முடங்கும். சில புற்றுநோய்ச் செல்கள் அந்த ரிப்பேர்காரனை நம்பித்தான் உயிரோடு கிடக்கின்றன என்று கண்டுபிடித்து, அங்கே அவனை நிறுத்தவும் மருந்து தேடுகிறார்களாம். "ஆனா நல்ல உடம்புல அவன் இல்லாமப் போனா வினை மாமா. கயித்து முனையை உருக்கிக் கொடுத்தியல்ல, அது மாதிரி டிஎன்ஏ முனைக்கும் காவல் உண்டு. அந்த முனையைப் பாத்துக்கிடுததிலயும் அவனுக்குப் பங்கு இருக்கு. சிலருக்கு அவன் குறையாவே உருவாகி, வேலை செய்யுற அறைக்குள்ளயே போக முடியாம வெளிய நிப்பான். நகல் எடுக்கையில ஒடியும், துண்டு தொலையும், செல்லு சீக்கிரமே களைச்சு நின்னுபோகும். அவங்க பதிமூணு வயசுக்கு மேல வளர மாட்டாவ. இருபதுலயே நரைக்கும். குரல் கீச்சுனு ஆகும். முப்பதுல கண்ணுல புரை விழும், கால்ல புண்ணு..."

நிறுத்திவிட்டாள். கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "மாமா, பெரிய மாமா சாகும்போது அவுகளுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"போட்டோவுல பாத்து எழுபதுன்னு நினைச்சிருந்தேன்" என்றாள். அவள் கை தானாகத் தலை வகிட்டுக்குப் போயிற்று. மகனே, இதை நான் உனக்கு எழுதியே ஆக வேண்டும். அவள் கயிற்றின் மேல் குனிந்து நின்றபோது மருதாணிச் சிவப்புக்கு அடியில் வகிடு முழுக்க வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் நான் வாங்கிக் கொடுத்த செருப்பு அவளுக்கு இன்னமும் சரியாக இருக்கிறது என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். இளநரை ஊரில் நூறு பேருக்கு உண்டு, குள்ளமானவர்கள் ஆயிரம் பேர் உண்டு. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் அவள் குரல் இந்த இரண்டு வருஷத்தில் மெலிந்திருக்கிறதா என்று நீயே யோசித்துப் பார். தினமும் போனில் கேட்கிறவன் நீ. "மாமா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்கு அரை இஞ்சு ஆணிக்கும் முக்கால் இஞ்சு ஆணிக்கும் வித்தியாசம் தெரியும், அம்புட்டுதான்" என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள். கயிறு மேசை மேலேயே கிடந்தது.

பத்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (உன் அம்மா சாட்சி. வழக்கமாக ஒரு படி அரிசியை ஒரு வேளைக்கு முடிக்கிறவன்.) பதினோராம் நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். உன் அத்தை பத்திரிகைக்கட்டை முன்னால் வைத்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மஞ்சள் கையோடு எழுந்து நின்றாள்.

"என்ன சொல்லுத அண்ணே? எம்மவளுக்கு வியாதிங்கியா?"

"வியாதின்னு சொல்லலை. பாத்துக்கிடணும்னு சொல்லுதேன்."

"ஊருல எவளுக்கு இல்ல இளநரை? உன் வீட்டுக்கு இவ வேண்டாம்னா நேரா சொல்லு. காது குத்துல சபையில நின்னு சொன்ன வாய்தான இது? பத்திரிகை அடிச்ச பெறகு தாளைத் தூக்கிட்டு வாரியே, உனக்கு வெக்கமா இல்ல?"

பொன்னி உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "தாளைக் குடுங்க மாமா" என்றாள். நின்றபடியே படித்தாள். மேலே போட்டிருந்த தேதியை விரலால் தொட்டாள். "நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் அந்த மூன்று வார்த்தைக்குப் பக்கத்தில் வராது, மகனே.

கயிறு வாங்க வந்த மறுநாளே அவள் மதுரையில் மரபணு பார்க்கிற டாக்டரிடம் பேசியிருக்கிறாள். அவள் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். அந்த மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி, உன் அப்பாவிடம் இருந்தது இரண்டுமே பிழையான பிரதிதான். அதனால் அதில் ஒன்று உன்னிடம் கட்டாயம் வந்திருக்கும். உன் அம்மா சொந்தமில்லாதவள், அவளிடமிருந்து நல்ல பிரதி வந்திருப்பதால் உனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நல்ல பிரதி போதும். பொன்னியிடம் பிழையே இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவளிடமும் ஒன்று இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அண்ணன் மாதிரி ஆக. இரண்டு இருந்தால் அவளே அண்ணன் போன பாதையில்தான் நிற்கிறாள், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி. இதைச் சொல்லும்போது அவள் வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி நேராக நின்று சொன்னாள்.

கல்யாணம் பண்ணு, பண்ணாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் யாரையும் அந்த அறைக்குள் விடாதீர்கள், முக்கியமாக என்னை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த நோயைக் குணப்படுத்த இன்றைக்கும் மருந்து இல்லையாம். ஆனால் வருகிறது என்று தெரிந்தால் கண்ணைப் பார்க்கலாம், சர்க்கரையைப் பார்க்கலாம், நெஞ்சைப் பார்க்கலாம், கட்டி எங்காவது கிளம்புகிறதா என்று வருஷா வருஷம் தேடலாம், காலில் புண் வராமல் காக்கலாம். அண்ணனுக்கு அந்த வருஷங்கள் கிடைக்கவில்லை. அவருக்கு நான் கொடுத்தது ஒரு டப்பா மையும் ஒரு நாள் அருவிக் குளியலும். பொன்னிக்கு ஏழு வயதிலிருந்தே பார்த்திருக்கலாம். பத்தொன்பது வருஷத்தை நான் நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தேன். நீ ஒரு பெண்ணிடம் எதையும் மறைத்துக்கொண்டு மேடை ஏறாதே. அவள் மேல் இரக்கப்பட்டும் ஏறாதே, அது அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையில் அவளுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். உன் ரத்தமும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணனுடைய பிழை எந்த எழுத்தில் என்பது இனி உன் ரத்தத்தில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்தால்தான் அவளிடம் எதைத் தேடுவது என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியும். முடிவு வரச் சில வாரம் ஆகுமாம். கல்யாணத் தேதிக்கு முன்னால் வந்தால் வரும், வராவிட்டால் தேதி காத்திருக்கட்டும். மண்டபத்துக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன், செவ்வாய்க்கிழமை உன் கையில் இருக்கும்.

"நான் கூட வாரேன்" என்று அவளிடம் சொன்னேன். "நீங்க வேண்டாம் மாமா" என்றாள். உன் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். பொன்னி காலை முதல் பஸ்ஸில் தனியாகத்தான் போகிறாள். உன்னை வரச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. "அவரோட ரத்தம் வேணும்னு மட்டும் எழுதுங்க, அங்கனயே எங்கயாவது குடுத்து அனுப்பட்டும்" என்றாள். மகனே, ரத்தத்தை அங்கிருந்தும் அனுப்பலாம்தான். நீ அனுப்பாதே. கொண்டு வா.

உன் சித்தப்பா